எலி எந்தச் சந்துல வருது? அடைச்சவங்க அளவோட சொல்லுங்க

கொத்துக்கரண்டி

மருந்து, பொறி, பூனை எல்லாம் போதும் போதும்னு பேசியாச்சு. இங்கே சந்து மட்டும் பேசுவோம். எந்த இடத்தில் வந்தது, எதை வைத்து அடைத்தது நின்றது, எது நிற்கவில்லை?

முதலில் அளவு. 2 நூல் சந்து, அதாவது 6 மி.மீ. இருந்தால் சுண்டெலிக்குப் போதும். 4 நூல், 12 மி.மீ. இருந்தால் வீட்டெலி வரும். தலை போனால் உடம்பு போகும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற சந்தெல்லாம் அடைக்க வேண்டிய சந்துதான்.

சமையலறைப் பின்கதவில் ஆரம்பியுங்கள். கதவை மூடி, உள்ளே விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் குனிந்து பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரியாது, இரண்டு மூலையிலும் தெரியும். பலகையின் அடிமுனை தண்ணீர் பட்டு நைந்திருக்கும். எலி பல் வைப்பது அங்கேதான். 24 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, 1 அடி உயரம், கதவின் முழு அகலம், வெளிப்பக்கமாக. 4 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. பலரும் கதவுக்கு மட்டும் தகடு அடித்துவிட்டு வாசக்காலை விட்டுவிடுகிறார்கள். தகட்டில் பல் ஏறவில்லை என்றதும் அது பக்கத்து மரத்தைக் கடிக்கும். அதனால் வாசக்காலின் கீழ் 1 அடிக்கும் தகட்டை ‘எல்’ மாதிரி மடித்து அடிக்க வேண்டும்.

இப்போதைய வீடுகளில் கீழ்நிலைப்படியே வைப்பதில்லை. தரை டைல்ஸ் வாட்டமாக இருப்பதால் கதவடிச் சந்து ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 12 மி.மீ. என்று இருக்கும். கதவை இழைத்துப் பயனில்லை. ஒரு கிரானைட் பட்டையைப் படியாகப் பதித்துவிடுவதுதான் வழி.

குழாய்க்காரன்

கதவை எல்லாரும் பார்ப்பாங்க. சிங்க்குக்கு அடியில யாரும் குனியறதில்ல.

சிங்க்கிலிருந்து வர்ற நெளிவுக் குழாய் ஒன்றேகால் அங்குலம். அதைச் சொருகியிருக்கிற தரைக் குழாய் இரண்டரை அல்லது 3 அங்குலம். சுத்தியும் திறந்தே கிடக்கும். சாக்கடைக்கும் உங்க சமையலறைக்கும் நடுவுல அந்தச் சந்துதான் வாசல். ரப்பர் புஷ் போட்டா நாத்தம் நிக்கும், எலி நிக்காது, ரப்பரைக் கடிச்சுடும். புஷ்ஷுக்கு மேல நடுவுல ஓட்டை போட்ட ஜி.ஐ. தகட்டை இரண்டு பாதியா வெட்டி, குழாயைச் சுத்திப் பொருத்தி, தரையில ஸ்க்ரூ போடணும். வாஷிங் மெஷின் குழாய்க்கும் இதேதான்.

நானி டிராப்புல (தரைத் தண்ணி வடியற ஜாலிக்கு அடியில இருக்கிற குழிவு) தண்ணி நிக்குதே, எலி எப்படி வரும்னு கேப்பாங்க. முங்கி வரும். அந்த அளவு தண்ணி அதுக்கு ஒரு தடையே இல்ல. பயன்படுத்தாத குளியலறையில தண்ணி வத்திட்டா இன்னும் சுலபம். மேல சும்மா வெச்சிருக்கிற பிளாஸ்டிக் ஜாலியை முட்டித் தள்ளிடும். ஸ்க்ரூ போடற ஸ்டீல் ஜாலி வேணும், ஓட்டை 6 மி.மீ.க்கு மேல கூடாது. கழிப்பறைக் குழாய் வழியா வர்ற இடத்துல, தெருச் சாக்கடைக்குப் போறதுக்கு முந்தின சேம்பர்ல, ஒருபக்கம் மட்டும் திறக்கிற மடக்கு வால்வு போடணும். துணியோ முடியோ சிக்கினா அந்த மடக்கு பாதி திறந்தபடியே நிக்கும். மாசம் ஒருதரம் மூடியைத் தூக்கிப் பாத்து எடுத்துவிடணும்.

வெளிச்சுவர்ல ஏறுற குழாய்: 18 அங்குல விட்டத்துக்கு வட்டத் தகடு, ஆள் மார்பு உயரத்துல. சுவர்ப் பக்கம் தகடு சுவரை ஒட்டியே இருக்கணும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல முதுகைக் கொடுத்து ஏறுறதுதான் எலியோட வேலை.

மொட்டைமாடித் தொட்டி ஓவர்ஃப்ளோ குழாய் வாய்க்கும் மெஷ் கட்டுங்க. ஏன்னு விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

புதுக்குடித்தனம்

ஏசி குழாய் ஓட்டையில ஃபோம் ஸ்ப்ரே அடிச்சா போதாதா அண்ணா?

கொத்துக்கரண்டி

போதாது தம்பி. ஃபோம் காற்றைத்தான் நிறுத்தும். ஒரே ராத்திரியில் குடைந்துவிடும், மஞ்சள் துகள் மட்டும் தரையில் கிடக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பி நாரை இறுக்கித் திணி. விரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது, அந்த அளவுக்கு. மேலே கலவை, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு 3 பங்கு மணல். சாதாரண இரும்பு நார் வேண்டாம். கடலோர ஊர்களில் சீக்கிரமே துருப்பொடியாகிவிடும்.

இதில் நிறையப் பேர் தோற்பது கலவையால் இல்லை, நேரத்தால். சாயங்காலம் பூசிவிட்டுப் போனால் ராத்திரி ஈரக் கலவையை எலி தோண்டி எடுத்துவிடும். காலையில் பூசி, மேலே ஒரு தகட்டையோ செங்கல்லையோ முட்டுக்கொடுத்து ஒரு நாள் முழுக்க விட வேண்டும். கண்ணாடித் துண்டு கலக்கும் பழக்கம் இருக்கிறது. கலவை இறுகினால் கண்ணாடியே தேவையில்லை, இறுகாவிட்டால் கண்ணாடி காப்பாற்றாது. பின்னால் அந்த இடத்தை உடைக்கிறவன் கைதான் கிழியும்.

மண்டிக் கணக்கு

அரிசி குடோன் விஷயம் வேறு. இங்கே பெருச்சாளி அஸ்திவாரத்துக்கு அடியில் வளை தோண்டும், தரை உள்வாங்கும். சுவரை ஒட்டி 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, கால் இன்ச் ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷைச் சுவரோடு இறக்கி, அடியில் 1 அடியை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். உள்பக்கம் மடித்தால் வீண். சுவரை ஒட்டித் தோண்டிக்கொண்டே இறங்கும் எலி, மடிப்பில் முட்டியதும் பின்னால் தள்ளிப் போய்த் தோண்டாது; அங்கேயே பிராண்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பள்ளத்தை ஜல்லி போட்டு மூடுங்கள்.

ஷட்டரில் பார்க்க வேண்டியது இரண்டு பக்கத் தடத்தின் அடிமூலையும், மேலே சுருள் உட்காரும் பெட்டியும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை போகும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

குடோன் தளத்தை 3 அடி உயர்த்திக் கட்டிவிட்டு, லோடு இறக்கிய பலகையை ராத்திரி சாய்த்தபடியே விட்டுப் போவார்கள். அத்தனை செலவும் அந்த ஒரு பலகையில் போச்சு. மூட்டையைக் கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். ஆள் டார்ச்சோடு நடந்து பார்க்க முடிய வேண்டும்.

கொசுறு: தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் மரத்தில் 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகடு சுற்றுவதும் குழாய்க்காரன் சொன்ன வட்டத் தகட்டின் தத்துவம்தான். பக்கத்து மரத்து மட்டை உரசினால் தகடு சும்மா.

ஓட்டுவீடு

மங்களூர் ஓட்டு வீட்டில் வழி எறவாணத்தில்தான் (கூரையின் கீழ் விளிம்பு). சுவர் உச்சிக்கும் ஓட்டுக்கும் நடுவே, ஒவ்வொரு கைமரத்துக்கும் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) இடையில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். கலவை போட்டு மூடாதீர்கள், காற்றோட்டம் போய் மரம் வேகும். கால் இன்ச் மெஷ்ஷை ஓட்டையை விட 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தை மடித்து, கைமரத்தில் ‘யு’ ஆணி. கொசு வலை இதற்கு ஆகாது, பல்லுக்குத் துணி மாதிரி. ஷீட் கூரையானால் அலை முனையை மெஷ்ஷிலேயே அலை வடிவத்துக்கு வெட்டிச் சொருகுங்கள். ஷீட் வெயிலில் அசைவதால் பூசின கலவை ஒரே கோடையில் விட்டுப்போகும்.

கூரைக்கு 6 அடிக்குள் வரும் கிளையை வெட்டுங்கள். முருங்கையை வெட்ட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், அது தனிப் போராட்டம்.

குழாய்க்காரன்

எல்லாரும் ஒண்ணு விட்டுட்டீங்க. உள்ள எலி இருக்கும்போது மொத்தத்தையும் அடைச்சா, ஒண்ணு உள்ளயே செத்து நாறும், இல்ல வயர், குழாய்னு கடிச்சுக்கிட்டு வெளிய வரும்.

எல்லா ஓட்டையிலயும் செய்தித்தாளைக் கசக்கிச் சொருகுங்க, 3 ராத்திரி விடுங்க. எந்தத் தாள் வெளிய தள்ளியிருக்கோ, கிழிஞ்சிருக்கோ, அதுதான் நடமாடுற வழி. மத்ததை முதல்ல அடைங்க. நடமாடுற வழிகிட்ட பொறி. ஒரு வாரம் புதுப் புழுக்கை இல்லன்னா அதையும் அடைங்க. புழுக்கை அரிசி அளவுன்னா சுண்டெலி, அரை அங்குலம் நீண்டு முனை கூரா இருந்தா வீட்டெலி.

பழைய புழுக்கையை விளக்குமாறு போட்டுக் கூட்டாதீங்க, தூசி மூக்குல போகும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து தெளிச்சு, 10 நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோட துணியில துடைச்சு எடுங்க. எலிக்காய்ச்சல் அது மூத்திரம் வழியாத்தான் வருது, கையில வெட்டுக்காயம் இருந்தா இந்த வேலையைத் தொடாதீங்க.

புதுக்குடித்தனம்

தாள் சொருகியாச்சு அண்ணா, 11 ஓட்டை. சிங்க் அடியில வெச்சது மட்டும் காலையில காணவே காணோம்.

குழாய்க்காரன்

கூடு கட்ட எடுத்துட்டுப் போயிருக்கும். தகடு வெட்டுறதுக்கு முன்னாடி அந்தத் தரைக் குழாய் எத்தனை அங்குலம்னு அளந்து போடுங்க.