கோல்ஃப்: எதிர்க் கடற்காற்றில் குளம் தாண்டும் பார் 3, எந்த கிளப் (மட்டை) எடுப்பது?

ஏழாம்அயர்ன்:
சென்னையில் நான் ஆடும் கோல்ஃப் கோர்ஸில் கிழக்கே பார்த்த ஒரு பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) இருக்கிறது. 150 யார்டு, டீக்கும் (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீனுக்கும் (குழியும் கொடியும் இருக்கும் புல்தரை) நடுவே முழுக்கக் குளம். காலையில் 7 அயர்ன் மட்டையில் அடித்தால் பந்து அழகாகப் போய் உட்காருகிறது. மதியம் கடற்காற்று வந்துவிட்டால் நன்றாகப் பட்ட பந்துகூட மேலே ஏறி நின்று, பொத்தென்று தண்ணீருக்குள். ஓங்கி அடித்தால் இன்னும் மோசம். என்னதான் செய்வது?

அடையாறுகாரன்:
ஓங்கி அடிப்பதுதான் சார் பிரச்சினையே. வேகம் கூடினால் பின்சுழற்சியும் கூடும், எதிர்க்காற்றில் அது பந்தை மேலே தூக்குமே தவிர முன்னே தள்ளாது. அதைவிடத் தூரம் போகும் 5 அயர்ன் எடுத்து, கிரிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, பந்தைச் சற்றுப் பின்கால் பக்கம் வைத்து முக்கால் ஸ்விங் போதும். கிரீனைத் தாண்டினால் தாண்டட்டும். கேடி (மட்டைப் பை தூக்கி வருபவர்) எவ்வளவு ஆசை காட்டினாலும் கொடியைப் பார்க்காதீர்கள்.

அப்புறம், மணியைப் பார்த்து கிளப் எடுக்க வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே வரும், அதுவரை அதே ஹோலில் காற்று உங்கள் முதுகுப் பக்கம். டீயில் நின்று மர உச்சியைப் பாருங்கள்.

போகிபோதும்:
5 அயர்ன் எல்லாம் நம்மைப் போன்ற 20 ஹேண்டிகேப் ஆட்களுக்கு (சுற்றுக்கு ஏறக்குறைய 20 அடி கூடுதலாக எடுப்பவர்கள்) ஒத்துவராது, நான் அடிக்கச் சுலபமான ஹைப்ரிட் மட்டைதான் எடுப்பேன். 2020 மாஸ்டர்ஸ் போட்டியில் அமெரிக்காவின் ஆகஸ்டா கோர்ஸின் 12ஆம் ஹோலில், அதுவும் இதே மாதிரி 155 யார்டு பார் 3, டைகர் உட்ஸே மூன்று பந்துகளைத் தண்ணீரில் விட்டு 10 அடி எடுத்தார். மீதி ஆறு ஹோலில் ஐந்து பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு), அது வேறு கதை.

விதிப்புத்தகம்:
பந்து குளத்தில் விழுந்து, அங்கே மஞ்சள் கம்பு நட்டிருந்தால் ஒரு ஸ்ட்ரோக் (அடி) அபராதத்தோடு இரண்டு வழி: டீயிலிருந்தே மறுபடி அடிக்கலாம், அல்லது பந்து கடைசியாகக் குளத்துக்குள் நுழைந்த இடத்தையும் கொடியையும் சேர்க்கும் கோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போய் டிராப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம்). என்னைக் கேட்டால் டீதான். அங்கே பந்தை டீ ஆணி மேல் வைத்தே அடிக்கலாம், பலர் இதை மறந்துவிட்டுப் புல்லில் போட்டு அடிக்கிறார்கள்.

ஏழாம்அயர்ன்:
நன்றி. கிரீனுக்குப் பின்னால் பங்கர் (மணல் குழி) இருக்கிறதே, அதில் விழுந்தால்?

அடையாறுகாரன்:
அங்கிருந்து குளத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டியிருக்கும். கொடி குளத்துப் பக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு, கிரீன் எந்தப் பக்கம் அகலமோ அங்கே போடுங்கள். இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி), போகி (பாரைவிட ஒரு அடி கூட).