சிக்கரி கலந்த தூளைப் போட்டால் மெஷினில் காப்பி இறங்கவில்லை. உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆயர் ஈத்தாம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரு சின்ன எஸ்பிரெசோ மெஷின் வாங்கி வந்தாள். ஒரு கைப்பிடி, பக்கத்தில் பால் நுரைக்க ஒரு ஆவிக்குழாய், அவ்வளவுதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் "15 பார்" என்று போட்டிருக்கிறது.

நாற்பது வருடமாக நான் என் மாமியாரின் பித்தளை ஃபில்டரில்தான் காப்பி போடுகிறேன். என் கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரத்துக்கு டிகாஷன் இறங்காது என்று முந்தின இரவே போட்டு வைப்பேன். அதைப் பார்த்துத்தான் மகள் இந்த மெஷினை வாங்கியிருக்கிறாள்.

லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாக வாங்கும் தூளில் சிக்கரி 30 விழுக்காடு. அதையே கைப்பிடிக்குள் உட்காரும் சல்லடைக் கூடையில் நிரப்பி, நன்றாக அழுத்தி, பொத்தானைத் தட்டினேன். மெஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்த மாதிரி சத்தம் அமுங்கிவிட்டது. ஒரு நிமிடம் ஆகியும் ஒரு தேக்கரண்டி கறுப்புச் சாறுதான் விழுந்தது. அணைத்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன், சுடுசேறு மாதிரி தூள் பீய்ச்சி அடித்தது. மணிக்கட்டில் கொப்புளம், இப்போது ஆறி வருகிறது.

மகள் அனுப்பிய கலப்பில்லாத தூளைப் போட்டால் காப்பி இறங்குகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் என் கோப்பைக்குப் பால் நுரைத்த கையோடு அவருக்கு இரண்டாவது கோப்பை போட்டால் அதில் கருகிய வாசம். தூள் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

மகள் ஆசையாக வாங்கித் தந்ததைத் தூக்கி அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று மட்டும் சொல்லாமல், உள்ளே நடப்பதை யாராவது விளக்கினால் நானே புரிந்து நடந்துகொள்வேன்.

செந்தூல் வாசி:

அக்கா, மெஷின் பழுது பார்க்கும் அளவுக்கு எனக்கு விவரம் போதாது. நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். போன வருடம் கோப்பிக் கடையில் விற்கும் கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி) தூளை என் மெஷினில் போட்டேன். நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அந்தக் கறுப்பும் பளபளப்பும் அதனால் வருவதுதான். துணிப் பையில் போட்டு ஊற்றும்போது அது அருமையான கோப்பி. என் மெஷினிலோ சீனிப் பிசின் சல்லடைத் துளைகளில் இறுகி ஒட்டிக்கொண்டது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விட்டது. கோப்பிக் கடைத் தூளை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள்.

ஜெலுத்தோங் ஃபிட்டர்:

அக்கா, வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் 24 வருடம் இருந்தேன். இப்போது வீட்டிலேயே ரைஸ் குக்கர், மிக்சி, காப்பி மெஷின் எல்லாம் பழுது பார்க்கிறேன். உங்களுடையதைப் போன்ற மெஷின் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு என் மேசைக்கு வரும். பலவற்றில் ஒரு பாகமும் கெட்டிருக்காது, தூளை மாற்றினால் ஓடும். தூளும் இந்த மெஷினின் ஒரு பாகம். இதை யாரும் வாங்குபவர்களிடம் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தண்ணீர் போகும் வழியிலேயே போவோம். பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பம்புக்குப் போகிறது. பம்ப் உள்ளங்கைக்குள் அடங்கும். செம்புக் கம்பிச் சுருள், அதன் நடுவே ஒரு இரும்பு உலக்கை, உலக்கைக்கு ஒரு ஸ்பிரிங். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் சுருள் உலக்கையை ஒரு தடவை இழுக்கும், ஸ்பிரிங் ஒரு தடவை திருப்பித் தள்ளும். ஆக விநாடிக்கு 50 குத்து. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான். முன்னால் வழி அடைபட்டால் உலக்கை ஓட இடமில்லாமல் சத்தம் அமுங்கும். தொண்டை அடைத்த மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள், மிகச் சரியான கவனிப்பு. நானும் முதலில் காதைக் கொடுத்துத்தான் பார்ப்பேன்.

இப்போது அந்த 15 பார். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். உங்கள் பித்தளை ஃபில்டரில் தூளுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 0.005 பார். எஸ்பிரெசோவுக்கு வேண்டியது 9 பார், அதாவது ஃபில்டரைப் போல 1,800 மடங்கு. 90 மீட்டர் தண்ணீரைத் தூளின் தலையில் நிறுத்தியது போல. நம் பினாங்கின் கொம்தார் கோபுரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பெட்டியில் போட்டிருக்கும் 15, வழி முழுக்க அடைபட்டால் பம்ப் தரக்கூடிய உச்சம். காப்பி போட அவ்வளவு தேவையில்லை. சில மெஷின்களில் ஒரு விடுவிப்பு வால்வு இருந்து, கூடுதலாக வரும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடும்.

(இந்த 9 பார் பம்போடு வந்ததல்ல. 1940களின் கடைசியில் இத்தாலியில் கஜியாவின் மெஷின்களில் கடைக்காரர் ஒரு லிவரை இழுப்பார், அது உள்ளே ஒரு ஸ்பிரிங்கை இறுக்கும், ஸ்பிரிங் தண்ணீரை அழுத்தும். காப்பியின் மேல் நிற்கும் அந்தப் பொன்னிற நுரை அப்போதுதான் வந்தது. 1961ல் ஃபேமாவின் ஈ61 மெஷினில் அந்த வேலையை மின் பம்ப் எடுத்துக்கொண்டது.)

பம்ப் தள்ளுவதால் மட்டும் அழுத்தம் வந்துவிடாது. எதிரே தடை வேண்டும். தோட்டக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால்தானே தண்ணீர் தூரம் பாய்கிறது? இங்கே அந்த விரல் உங்கள் தூள். பருபரு என்று இருந்தால் தண்ணீர் பத்து விநாடியில் ஓடி, காப்பி சப்பென்று இருக்கும். மாவாக இருந்தால் இறங்கவே இறங்காது.

சிக்கரிக்கு வருகிறேன். அது வறுத்து அரைத்த வேர். காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். உங்கள் டிகாஷனுக்கு அந்தக் கெட்டியும் நிறமும் தருவதே அதுதான். ஃபில்டரில் தண்ணீர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு தானாக இறங்குகிறது, ஒரு தொல்லையும் இல்லை. மெஷினில் அரை நிமிடத்தில் அத்தனை பலத்தோடு அழுத்தும்போது, அதே பிசுபிசுப்பு தூளின் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. நீங்கள் நன்றாக அழுத்தி வேறு வைத்தீர்கள்.

பீய்ச்சி அடித்ததும் அதனால்தான். கொஞ்சம் விலை கூடிய மெஷின்களில் மூன்று வழி வால்வு ஒன்று இருக்கும். பம்ப் நின்றவுடன் மிச்ச அழுத்தத்தை "புஸ்" என்று கீழ்த்தட்டில் விட்டுவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதில் அது இல்லை. உள்ளே மாட்டிய அழுத்தம் தூள் வழியாகத்தான் மெல்ல வடிய வேண்டும், தூளும் அடைத்திருந்தது. இனிமேல் சத்தம் அமுங்கினால் உடனே அணையுங்கள். ஆவிக்குழாயின் வாயை ஒரு குவளைக்குள் வைத்துத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அப்புறமும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, தடித்த துணியால் பிடித்து, கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

கருகிய வாசத்துக்குக் காரணம் சூடு. காப்பிக்கு 90 முதல் 96 டிகிரி தண்ணீர் போதும். பால் நுரைக்கும் ஆவிக்கு அதே பாத்திரத்தை 130 டிகிரிக்கு மேலே கொண்டுபோகிறது மெஷின். இரண்டு வேலைக்கும் ஒரே சூடேற்றி. ஆவிப் பொத்தானை அணைத்தாலும் உலோகம் சூட்டை விடாது. அந்த நேரத்தில் போடும் காப்பியில் கருகல் ஏறத்தான் செய்யும். பால் நுரைத்த பிறகு இன்னொரு கோப்பை வேண்டுமென்றால், கூடை இல்லாமல் தண்ணீரை ஓட விடுங்கள். முதலில் ஆவியும் தண்ணீருமாகச் சீறும். சீற்றம் அடங்கி அமைதியாக ஓடினால் சூடு இறங்கிவிட்டது. இதைவிட எளிது, இரண்டு கோப்பைக் காப்பியையும் முதலில் போட்டுவிட்டுப் பாலைக் கடைசியில் நுரைப்பது. டின் பாலை மட்டும் ஆவிக்குழாயில் காட்ட வேண்டாம், சீனி குழாயின் வாயில் கருகிப் பிடிக்கும்.

கூடையின் அடியையும் ஒரு தடவை பாருங்கள். உட்பக்கம் நிறையத் துளை, வெளிப்பக்கம் ஒரே ஒரு துளை என்றால் அது இரட்டைச் சுவர்க் கூடை. அதில் தடையின் பெரும்பகுதியை அந்த ஒற்றைத் துளையே கொடுத்துவிடும். தூள் நைசாக இருக்க வேண்டியதில்லை, லேசாகச் சமப்படுத்தினால் போதும். இரண்டு கோப்பைக் கூடையானால் 14 கிராம் தூள், 28 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடி. இங்கிருந்து தொடங்கி உங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சுங்கை டுவா மாணவி:

அங்கிள், இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வாடகை வீட்டில் கண்ணாடிக் குடுவை வைத்த டிரிப் மெஷின் இருக்கிறது. அதில் பம்ப் சத்தமே இல்லை. தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? இப்போதெல்லாம் களக் களக் என்று சத்தம் போட்டு ஆவி விடுகிறது, ஆனால் நாலு கப் காப்பிக்கு இருபது நிமிடம் ஆகிறது.

ஜெலுத்தோங் ஃபிட்டர்:

தாராளமாகக் கேள், பிள்ளை. அதில் பம்ப் கிடையாது. குடுவை உட்காரும் தட்டுக்குக் கீழே லாட வடிவத்தில் ஒரு அலுமினியக் குழாயும் அதோடு ஒட்டிய சூடேற்றியும் இருக்கும். தொட்டித் தண்ணீர் ஒருவழி வால்வைத் தாண்டி அந்தக் குழாய்க்குள் இறங்கும். அங்கே கொதித்துக் குமிழி வரும். குமிழியால் பின்னால் போக முடியாது, வால்வு மூடிக்கொள்ளும். அதனால் முன்னால் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டு ஏறும். தட்டைச் சூடாக வைப்பதும் அதே சூடேற்றிதான்.

உன் மெஷினில் குழாய்க்குள் படிவு சேர்ந்திருக்கும். பினாங்குக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது, சுண்ணாம்பு குறைவுதான். இருந்தாலும் வருடக்கணக்கில் கழுவாமல் விட்டால் படியும். கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்று. பாதி ஓடியதும் அணைத்து இருபது நிமிடம் விடு, பிறகு மீதியை ஓட்டு. அதற்கப்புறம் வெறும் தண்ணீர் இரண்டு தடவை. வினிகர் வேண்டாம், வாசம் லேசில் போகாது.

ஆயர் ஈத்தாம் அக்கா:

தம்பி, நீங்கள் எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். பஸ் எஞ்சினைப் பற்றிப் பேசுவது போல உற்சாகமாகி, அந்தப் பம்பின் சத்தத்தைக் கேட்க அடுப்படிக்கே வந்து நின்றார்.

கூடையைப் பார்த்தேன். வெளியே ஒரே துளைதான். சின்னத் தராசு ஒன்று வாங்கி, 14 கிராம் போட்டு, அழுத்தாமல் கரண்டியின் முதுகால் சமப்படுத்தினேன். 22 விநாடியில் 28 கிராம். மறுநாள் 15 கிராம் போட்டேன், 26 விநாடி ஆனது. பாலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டதால் கருகல் வாசமும் இல்லை.

ஆனால் சிக்கரி இல்லாத காப்பி எங்கள் இருவருக்கும் ஏதோ குறைந்த மாதிரியே இருந்தது. அதனால் ஒன்று செய்து பார்த்தேன். கடையில் சிக்கரியைத் தனியாக நிறுத்து வாங்கினேன். அரைத் தேக்கரண்டியை டம்ளரில் போட்டுக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி, மெஷினில் இறங்கிய காப்பியோடு கலந்தேன். அந்தக் கெட்டி வந்துவிட்டது. மாமியார் காலத்து ருசிக்குப் பக்கத்தில் என்று அவரே சொன்னார். இன்று காலை ஐந்து இருபதுக்கு இரண்டு டம்ளரும் மேசையில் இருந்தன. பித்தளை ஃபில்டர் ஞாயிற்றுக்கிழமைக்கு.

இன்னும் ஒரு சந்தேகம், தம்பி. கைப்பிடி மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் தெரிகிறது. அதை மாற்ற வேண்டியிருக்குமா?

ஜெலுத்தோங் ஃபிட்டர்:

சிக்கரியைத் தனியாக ஊறவைப்பது எனக்குத் தோன்றவில்லை, அக்கா. நானும் நாளைக்குச் செய்து பார்க்கிறேன்.

வளையம் சூட்டில் இறுகிப்போகும். தினமும் இரண்டு வேளை போட்டால் ஒன்றிரண்டு வருடம் தாங்கும். கைப்பிடி வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டித் திரும்பினாலோ, காப்பி இறங்கும்போது ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலோ மாற்றிவிடுங்கள். பழைய வளையத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் பொருந்த வேண்டும், ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கசியும். அதுவரை தினமும் கடைசிக் கோப்பைக்குப் பிறகு அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இரவில் கைப்பிடியை மெஷினில் மாட்டி வைக்காமல் கழற்றி வையுங்கள்.