50 குதிரை டீசல் கேம்பர் வானில் ஃபுர்கா பாஸ் ஏறலாமா?

மயூரன்_ஆராவ்:
வணக்கம். என்னிடம் 1984ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3 இருக்கிறது. கூரை தூக்கிற வகை, 1.6 டீசல், டர்போ இல்லை, 50 குதிரைவலு. ஜூலையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சுவிஸில் அன்டர்மாட்டில் இருந்து ஃபுர்கா மலைக்கணவாய் ஏறி, ஓபர்வால்ட் பக்கம் இறங்கி இரவு தங்க யோசனை. சமவெளியில் வான் நன்றாக ஓடுகிறது. ஆனால் சின்ன மேட்டில் கூட மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டி இருக்கிறது. பாஸில் இடைநடுவே நின்றுவிடுமோ என்று மனைவிக்குப் பயம் (எனக்கும்தான்). இதே எஞ்சினோடு ஏறின ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

கிரிஷ்_பேர்ன்:
வீண் வேலை. ஏற்றம் தொடங்கும் ரியால்ப் ஊரில் காரை ரயிலில் ஏற்றினால் 15 கிலோமீற்றர் சுரங்கம், நேரே ஓபர்வால்ட். வானுக்கும் நல்லது, மனைவிக்கும் நல்லது.

பழைய_லொறிக்காரன்:
கிரிஷ் தம்பி, சுரங்கத்துக்குள்ளால் போவதற்கு ஏன் கேம்பர் வான் வாங்க வேண்டும்? சும்மா இரும்.

மயூரன், வான் ஏறும். ரியால்ப் 1538 மீற்றர், பாஸ் 2429. சுமார் 12 கிலோமீற்றருக்குள் 900 மீற்றர் உயரம். மேலே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் உமது 50 குதிரை அங்கே 40 தான். கறுப்புப் புகை கொஞ்சம் வரும், பயப்படாதேயும். இரண்டாம் கியரில், இடையிடையே ஒன்றில், மாட்டுவண்டி மாதிரிப் போகும். போகட்டும். பின்னால் நாலு கார் சேர்ந்தால் ஒதுங்கி விட்டுவிடும். இடைவழியில் டீஃபன்பாக்கில் நிற்க இடம் இருக்கிறது. ஏறும்போது நீர் ஓடுகிற வலப்பக்கம் மலைச் சுவர், பள்ளம் எதிர்ப்பக்கம். மனைவிக்கு அதைச் சொல்லும்.

நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விசயம்.

ஒன்று தண்ணீர். டி3யில் எஞ்சின் பின்னால், றேடியேட்டர் முன்னால். நடுவில் வானின் நீளத்துக்குக் குழாய். ஏற்றத்தில் மூக்கு மேலே நிற்கும்போது, உள்ளே காற்று இருந்தால் அது போய் நிற்பது றேடியேட்டரின் உச்சியில். அதனால்தான் இதற்குக் காற்று எடுக்கும்போது முன்பக்கத்தை உயர்த்தி வைத்து எடுக்க வேண்டும். சமதரையில் வைத்து எடுத்துவிட்டுச் சரி என்று தருகிற கராஜ்களும் உண்டு, கேட்டுப் பாரும். அப்புறம் மூடி. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நீர் தண்ணீர் ஊற்றுகிற போத்தலில் அழுத்தம் கிடையாது. அழுத்தத்தைப் பிடிக்கிற மூடி எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள தாங்கியில் இருக்கிறது. 2400 மீற்றரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92 பாகையிலேயே கொதிக்கும். அந்த மூடியின் றப்பர் செத்துப்போனால் உமது தண்ணீரும் அப்படித்தான். சின்னச் சாமான், விலை பார்க்காமல் புதிதாகப் போடும். புறப்பட முதல் வானை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானாகச் சுற்றுகிறதா என்றும் பாரும். ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, விசிறியை நம்பித்தான் எல்லாம். வெப்பம் காட்டும் ஊசி ஏறினால் ஹீற்றரை முழுக்கத் திறவும், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு வானுக்குள் வந்துவிடும். பிள்ளைகள் கத்துவார்கள், கண்ணாடியை இறக்கிவிடும்.

இரண்டாவது இறக்கம். இதை நீர் கேட்கவே இல்லை. எஞ்சின் களைத்தால் ஊசி சொல்லும், புகை சொல்லும். பிறேக் ஒன்றும் சொல்லாது. பாஸில் இருந்து கிளெட்ஷ் என்ற இடம் 670 மீற்றர் கீழே, ஓபர்வால்ட் இன்னும் 400. பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 4 என்ற தர ஒயில் புதிதாக இருந்தால் 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 அளவிலேயே தொடங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், கால் தரைவரை போகும், வான் நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேல் பழைய ஒயில் என்றால் மாற்றாமல் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

நான் நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி றம்பொடை வழியால் கண்டிக்கு இறங்கின ஆள். அங்கே முதலாளி சொல்லித் தந்தது, ஏறின கியரிலேயே இறங்கு. டீசலில் எஞ்சின் பிடிமானம் பெற்றோல் அளவுக்கு இராது, ஆகவே வளைவுக்கு முதலே இரண்டுக்குப் போட்டுவிடும். பிறேக்கை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே போகாதேயும். ஒருமுறை உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுதாக விடும், ஆறட்டும். எஞ்சினை மட்டும் நிறுத்தவே கூடாது. நின்றால் பிறேக் உதவியும் போய்விடும்.

ரஜி_தூண்:
அண்ணை எல்லாம் சொல்லிவிட்டார். நாங்கள் போன வருடம் இதே வழியால் பெற்றோல் டி3யில் போனோம், ஓட்டினது நான். காலை எட்டுக்கு முதல் ரியால்ப்பைத் தாண்டிவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மோட்டார்சைக்கிள்காரர் வளைவை வெட்டிக்கொண்டு வருவார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்டால் மஞ்சள் போஸ்ட் பஸ். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு போட்ட பாதையில் அந்தச் சாரதி கை காட்டுகிறபடி நாம் ஒதுங்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னுக்கும் எடுக்க வேண்டும். ரியால்ப் பக்கம் சில இடங்களில் ஒடுக்கம்.

இறக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பெல்வெடேர் ஹோட்டல் வளைவில் நில்லுங்கள். பிறேக் ஆறும், பிள்ளைகளுக்கும் ரோன் பனியாற்றைக் காட்டலாம். வெயிலில் உருகாமல் இருக்க வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். என் மகன் “யார் இதைக் கொண்டுவந்து விரித்தது” என்று ஓபர்வால்ட் வரை கேட்டுக்கொண்டே வந்தான். ஓடும் நாளாக அமைந்தால் பள்ளத்தாக்கில் நீராவி ரயிலும் தெரியும்.

மயூரன்_ஆராவ்:
மிக்க நன்றி அண்ணை, நன்றி ரஜி அக்கா. சர்வீஸ் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், பிறேக் ஒயில் மாற்றினதாக ஒரு இடத்திலும் எழுத்து இல்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. அடுத்த கிழமை கராஜில் விடுகிறேன், மூடியும் ஓடர் பண்ணிவிட்டேன். கூரையில் சைக்கிள்கள் கொண்டுபோகலாமா?

பழைய_லொறிக்காரன்:
கூரையில் ஒன்றும் வேண்டாம். அந்த எஞ்சினுக்குப் பாரம்தான் முதல் எதிரி. குடிதண்ணீர்த் தாங்கியையும் காலியாக வைத்துக்கொண்டு ஏறும், ஓபர்வால்டில் நிரப்பலாம். இரண்டு போத்தல் தண்ணீர் மட்டும் கையில் வையும், ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று வானுக்கு. கொதித்தால் மூடியைத் திறக்கிறது அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகுதான்.