பவளத் தொட்டியில் காரத்தன்மை நிலைக்கவில்லை: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவுள்ள எனது பவளத் தொட்டியில் (உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) காரத்தன்மையை 8 முதல் 8.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் வைத்திருக்க இரண்டு மாதங்களாக முயன்றும், அது ஒரு நிலையில் நிற்க மறுக்கிறது. நாளொன்றுக்கு 1.5 டிகேஎச் குறைவதால், 1 டிகேஎச் உயர 6 கிராம் என்ற கணக்கில், 9 கிராம் ஆப்ப சோடாவை (பேக்கிங் பவுடர் அன்று) ஆர்.ஓ. நீரில் கரைத்து இரவில் ஒரே தவணையாக ஊற்றி வருகிறேன்.

கடந்த வாரம் அக்ரோபோரா என்னும் பவளத்தின் கிளை நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தாற்போல் வெளுத்துவிட்டன. ஹீட்டரின் மேல், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும் வெண்படிவும் கண்டேன். கால்சியம் 430 பிபிஎம் இருக்க, கால்சியம் படிவதைத் தடுக்க உதவும் மக்னீசியம் 1180 மட்டுமே காட்டுவதால், நான் சேர்க்கும் சோடா பவளங்களுக்குப் பயன்படும் முன்பே கால்சியத்துடன் கூடிப் படிந்துவிடுகிறதோ என்று ஐயுறுகிறேன். வாரந்தோறும் நீர் மாற்றப் பயன்படுத்தும் உப்புக் கலவையைத் தனியே சோதித்தபோது 11 டிகேஎச் வந்தது. ஆக, இந்த ஏற்ற இறக்கத்தில் என் பங்கும் உண்டு.

மக்னீசியத்தை 1300க்கு உயர்த்திய பிறகே சோடாவின் அளவைத் திருத்த வேண்டுமா, அல்லது இப்போதே டோசிங் பம்ப் வைத்து நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் செலுத்தலாமா? காரத்தன்மை மிகுந்த உப்பைப் பயன்படுத்துவோர், நீர் மாற்றும் நாளில் சோடாவை எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையேன்.