புதுப்பிப்பு: பொதுச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் தின்ற நினைவகம் குறைந்துவிட்டது

எங்கள் துறையில் பலரும் பயன்படுத்தும் சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் நினைவகத்தை விழுங்குகிறது, மற்றவர்களின் வேலைகளை இயங்குதளத்தின் மையமான கெர்னல் பாதியில் நிறுத்திவிடுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். அந்தத் தொல்லை தீர்ந்தது.

காரணம் ஒர்க் மெம் (work_mem) அளவு, அதாவது வினவலின் இடைவேலைகளுக்கான நினைவக வரம்பு. இயல்பாக 4 எம்பி. இங்கே 256 எம்பி என்று இருந்தது. இது இணைப்புக்கு ஒருமுறை கிடைக்கும் பங்கு அல்ல. வினவலுக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே இவ்வளவு; 15ஆம் பதிப்பு முதல் ஹாஷுக்கு (தரவைப் பொருத்தவும் தொகுக்கவும் கட்டும் தற்காலிக அட்டவணை) இதன் இரு மடங்கு வரை! நான்கு வரிசைப்படுத்தல் உள்ள ஓர் அறிக்கையே ஒரு ஜிபியைத் தொட்டுவிடும். பொது அளவை 8 எம்பிக்கு இறக்கினேன். இரவு அறிக்கை ஓட்டும் பயனருக்கு மட்டும் ‘ஆல்ட்டர் ரோல்’ கட்டளையால் 64 எம்பி கொடுத்தேன்.

ஒவ்வோர் இணைப்பும் தனி ப்ராசஸ் (தனியாக இயங்கும் நிரல்) என்பதால் சும்மா கிடப்பவையும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சில இணைப்புகளையே பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபவுன்சரைப் போஸ்ட்கிரெஸுக்கு முன்னால் வைக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. அந்தக் கூட்டமும் கலைந்தது.

அளந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: ‘டாப்’ கட்டளை காட்டும் ரெஸ் எண்களை (ஒவ்வொரு ப்ராசஸும் பிடித்திருக்கும் நினைவகம்) கூட்டாதீர்கள். எல்லா இணைப்புகளும் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகமான பகிர்ந்த பஃபர் ஒவ்வொரு ப்ராசஸிலும் திரும்பத் திரும்பக் கணக்கில் சேரும். பகிர்ந்ததைப் பிரித்துக் கணக்கிடும் பிஎஸ்எஸ் எண்ணைக் கூட்டுங்கள்.