குசினியில ரம்பை வாசம்: மலையகத்துல மரநாய் பார்த்தவங்க சொல்லுங்க

காட்டுத்தொங்கல் (பொகவந்தலாவை)

மூணு நாளா விடியக்காலையில எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் குசினியில ரம்பை வாசம் வந்துச்சு. அடுப்பு பத்த வைக்கல, சோத்துக்கு வாசத்துக்குப் போடுற ரம்பை இலையும் வீட்டுல இல்ல. "இந்நேரத்துல யாரு வீட்டுல மஞ்சச் சோறு ஆக்குறாங்க"ன்னு அம்மா கேட்டாங்க. அதே நேரம் தகரத்துக்குக் கீழ தடதடன்னு ஓட்டம். "மரநாய்தான், கம்பி கெடக்கு, ஒரு கண்ணியைப் போட்டுருவோம்"னு அப்பா எழும்பினாரு. ஒரு நாள் பொறுங்கப்பான்னு கெஞ்சிட்டு, மறுநாள் நாலு மணிக்கே போர்வையைச் சுத்திக்கிட்டு இஸ்தோப்புல குந்தினேன்.

லயத்துக்குப் பின்னால ஒரு கித்துள் பனை நிக்குது, குலை பழுத்துத் தொங்குது. டோர்ச்சுக்குச் செவப்புப் பொலித்தீன் கட்டி மெதுவா அடிச்சேன். குலையில ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு பழமா முழுங்கிக்கிட்டு இருந்துச்சு. நம்ம கையில பட்டாலே சொறியுற பழம் அது.

சின்ன வயசுல இருந்து நான் பார்த்த மரநாய் சாம்பல் நெறம். உடம்புல கறுப்புப் புள்ளி, கண்ணைச் சுத்திக் கறுப்பு. இதுக்குப் புள்ளியும் இல்ல, மூஞ்சியில கறுப்பும் இல்ல. காய்ச்சின கித்துள் பாணி நெறம், வயித்துப் பக்கம் கொஞ்சம் வெளுப்பு. வால் உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும், அதுல வளையம் இல்ல. என்னை அசத்தினது கழுத்துதான். மயிர் பின்னால படியாம, தோள்ல இருந்து தலையைப் பார்த்து முன்னுக்கு வளர்ந்திருக்கு. தலைய திருப்பினப்போ அந்த மயிர் வெளிச்சத்துல தனியா எழும்பி நின்னுச்சு.

பொன்மரநாய்னு தெரிஞ்சிருச்சு. சிங்களத்துல பெணி உகுடுவான்னு சொல்வாங்க. இந்த இலங்கைத் தீவைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இது கெடையாது. 1778-ல பல்லாஸ்ங்கிற விலங்கியலாளர் இதுக்கு அறிவியல் பேரு வச்சாரு. 2009-ல ஓர் ஆய்வுக் குழு, இது ஒண்ணு இல்ல, மூணு இனம்னு எழுதிச்சு. பின்னால வந்த மரபணு ஆய்வு அப்படிப் பிரிக்கிறதுக்கு இடம் குடுக்கல. எனக்கு அந்த வழக்கு முக்கியமில்ல. எங்க தலைக்கு மேல படுத்திருந்ததை இத்தனை வருசமா வெறும் "மரநாய்"னு திட்டியிருக்கோம், அதுதான் மனசைக் குடையுது.

நீங்க பார்த்ததையும் எழுதுங்க. வால் எப்படி இருந்துச்சுன்னு மறக்காம சொல்லுங்க.

பசறைக்காரி

தம்பி, நான் பார்த்தது வேற. எங்க வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல, தரையில. முதுகுல நீளக் கோடு, விலாவுல வரிசையாப் புள்ளி, வால்ல கறுப்பும் வெள்ளையுமா வளையம். மரத்துல ஏறல, ரோட்டோரப் பாலத்துக் குழாய்க்குள்ள பூந்துருச்சு. எங்க அம்மாயி பார்த்துட்டு, "அது புனுகுப்பூனை, அடிச்சிராதீங்க, சாமிக்குச் சாத்துற புனுகு அதுகிட்ட இருந்துதான் வருது"ன்னாங்க. கூட்டுக்குச் சின்னக்கண் வலை அடிச்சோம். அதுக்கப்புறம் ஒரு கோழிகூடப் போகல.

டிஸ்பென்சரி அக்கா (தலவாக்கலை)

எல்லாரும் ஆசையா எழுதுறீங்க, ஒண்ணு சொல்லியே ஆகணும். காயம்பட்டதோ, பகல்ல தடுமாறி நடக்கிறதோ கண்டா வெறுங்கையால தொடாதீங்க. பொன்மரநாய்கிட்ட புதுவகை விசர்நோய் (ரேபிஸ்) கிருமி கண்டுபிடிச்சதை 2011-லயே எழுதியிருக்காங்க. கடிச்சாலோ பிறாண்டினாலோ ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள் அப்பிக்கிட்டு வீட்டுல உட்கார்ந்துறாதீங்க.

மவுசாக்கலை

அக்கா சொல்றது சரி. ஆனா நான் தொட்டுட்டேன், சாக்கை மடிச்சுப் போட்டுத்தான்.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற மலையில வேலை. ஒரு தேயிலைத் தூர் மட்டும் ஆடுது, காத்து இல்ல. கிட்டப் போனா, பன்னிக்கு வச்ச கம்பிக் கண்ணி மரநாயோட இடுப்புல இறுகிக் கெடக்கு. ராத்திரி முழுக்க இழுத்திருக்கும் போல. சுத்தி இருந்த வாதெல்லாம் பட்டை உரிஞ்சு, பல்லு பதிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. சொல்ல வேண்டியவங்களுக்குப் போன் போட்டோம். அவங்க வந்து சேர்ந்தப்போ பொழுது சாஞ்சிருச்சு. குறடு இருந்திருந்தா நாங்களே கம்பியை வெட்டியிருப்போம். எங்ககிட்ட இருந்தது கவ்வாத்துக் கத்திதான். அது கம்பியை வெட்டல.

2020 மே மாசம் நல்லதண்ணியில கறுஞ்சிறுத்தை மாட்டிச் செத்ததும் இந்த மாதிரிக் கண்ணியிலதான். நாடே அழுதுச்சு. மரநாய் செத்தா பேப்பர்ல வராது. அதுல இருந்து என் பையில எப்பவும் ஒரு குறடு இருக்கு.

கூடலூர் மருமகன்

நான் நீலகிரியில இருந்து எழுதுறேன். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துல எங்க தாத்தா குடும்பம் அட்டன்ல இருந்து இங்க வந்துச்சு. அண்ணன் எழுதின அந்தக் கழுத்து மயிரைப் படிச்சதும் சிலிர்த்துப் போச்சு. இங்க மேற்குத் தொடர்ச்சி மலையில பழுப்பு மரநாய்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் கழுத்து மயிர் முன்னுக்குத்தான் வளரும். உங்க பொன்மரநாய்க்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

இன்னொரு சொந்தமும் இந்தக் கரையில இருந்துச்சு, மலபார் புனுகுப்பூனை. வளர்ந்தது 250 கூட மிஞ்சியிருக்காதுன்னு கணக்குச் சொல்றாங்க. காட்டுல எத்தனையோ கேமரா கட்டியும் ஒண்ணும் விழல. என் வயசுல யாரும் அதைப் பார்த்ததாச் சொல்லி நான் கேட்டதில்ல. உங்களுக்குக் கூரை மேலயே வந்து படுக்குது, விட்டுறாதீங்க.

ரம்பை வாசத்துக்கு ஒரு குறிப்பு. மலேசியாவுல நான் வேலை பார்த்த இடத்துல சாதாரண மரநாயை முசாங் பாண்டான்னு கூப்பிடுவாங்க. பாண்டான்னா நம்ம ரம்பைதான். அதே குடும்பத்துல பின்டுராங்னு கரடி மாதிரி ஒரு பெரிய மிருகம் இருக்கு, அதுவும் இப்ப அருகிக்கிட்டு வருது. அதோட மூத்திரத்துல இருக்கிற வாசப்பொருளும் ரம்பை, பாஸ்மதி அரிசி வாசமும் ஒண்ணுதான்னு 2016-ல கண்டுபிடிச்சாங்க. 2-அசிட்டைல்-1-பைரோலின்னு அதுக்குப் பேரு. அம்மா மூக்கு தப்பாச் சொல்லல.

அப்புத்தளை வேன்

வெளிநாட்டுக்காரங்களை ஏத்திக்கிட்டுப் போறப்போ, மரநாய் எச்சத்துல பொறுக்கின கொட்டையில போடுற மரநாய்க் கோப்பி எங்க கெடைக்கும்னு கேக்கிறாங்க. கூண்டுல வளர்த்து வித்தா நல்ல காசுன்னு ஒருத்தர் எனக்கு யோசனையும் சொன்னாரு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

காட்டுத்தொங்கல்

அண்ணே, வேணாம். தனியாத் திரியுற ராத்திரிச் சீவன் அது, கூண்டுல அடைச்சு வெறும் கோப்பிப்பழம் போட்டா நொந்து சாகும். நம்ம பாட்டன் பூட்டன் முதல்ல வந்ததே கோப்பித் தோட்டத்துக்குத்தான். 1869-ல இலை நோய் வந்து கோப்பி அழிஞ்சப்புறம்தான் தேயிலை எங்கும் பரவுச்சு. ஆனா காட்டு ஓரத்துல இன்னும் கோப்பிச் செடி தானா முளைச்சு நிக்குது, யாரு விதைச்சா? பாறை மேல கெடக்கிற எச்சத்தைப் பாருங்க, கொட்டை கொட்டையா இருக்கும்.

நேத்து எங்க தண்ணித் தாங்கி மேலயும் அப்படி ஒரு எச்சம், முழுக்கக் கித்துள் கொட்டை. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. பிறகு ஒரு குச்சியால தகர டப்பாவுல தள்ளி எடுத்துக்கிட்டுப் போய், தண்ணி பிடிக்கிற பீலிக்கரை மேட்டுல குழி தோண்டிப் போட்டாரு. கம்பிச் சுருள் இன்னும் சுவத்து ஆணியிலதான் தொங்குது. அப்பா பெரட்டுக் கணக்கெடுப்பு முடிஞ்சு வரட்டும், கேட்டு வாங்கிர்றேன்.