நகர்மன்றத்தில் தெரு அகலச் சண்டை: 23 அடியா, 30 அடியா?

அரசலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் டெல்டாவில் ஒரு நகராட்சி, பெயர் இப்போதைக்கு வேண்டாம். பைபாஸுக்கு உள்பக்கமாக ஒன்றரை வேலி நிலம், பத்து ஏக்கர் வரும், சில வருடமாகத் தரிசாகக் கிடந்தது, இப்போது மனைப்பிரிவாகிறது. 1,200 சதுர அடியில் 220 மனை. நானும் வீட்டுக்காரரும் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம், சதுர அடி 900 ரூபாய்.

நடுவில் போகும் மெயின் ரோடு 40 அடி, அதில் தகராறு இல்லை. அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரிகிற பத்து குறுக்குத் தெருவும் வரைபடத்தில் 23 அடி. இந்த மனைப்பிரிவு நகர்மன்றத் தீர்மானத்துக்கு வந்தபோது எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா 30 அடி வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டார். புரமோட்டர் தரப்பில் 23 அடி விதிக்கு உட்பட்டதுதான், 30 ஆக்கினால் இருபது மனை போய்விடும், அதை வாங்குகிறவர்கள் தலையில்தான் வைக்க வேண்டிவரும் என்கிறார்கள். போன கூட்டத்தில் இதைப் பேசியே நேரம் ஓடி, முடிவில்லாமல் தள்ளி வைத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி வருகிறது.

எனக்கு இரண்டு மனசாக இருக்கிறது. விலை கூடினால் எங்கள் கடனும் கூடும். ஆனால் இப்போது வாடகைக்கு இருக்கிற தெருவில் போன ஐப்பசியில் எதிர்வீட்டுத் தாத்தா இறந்து பந்தல் போட்டிருந்தபோது, உள்ளே நாலாவது வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்து, ஆட்டோ வர வழியில்லாமல் தெருமுனை வரைக்கும் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனோம். அந்தத் தெருவும் பத்திரத்தில் 20 அடிக்கு மேல்தான். இந்த ஏழு அடி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? கூட்டத்துக்கு முன்னால் கவுன்சிலரிடம் என்ன கேட்கச் சொல்வது?

நிலஅளவைக்காரர் பதில்:

தங்கச்சி, நான் இருபது வருடமாக லேஅவுட் வரைபடம் போடுகிறவன், புரமோட்டர்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கக் கணக்கும் தெரியும்.

முதலில் புரமோட்டர் சொன்னது பொய் இல்லை. உங்கள் மனை 30க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். தெருவில் பாதி உங்கள் பக்கம், பாதி எதிர்வீட்டுப் பக்கம். 23 அடித் தெரு என்றால் உங்கள் மனைக்கு முன்னால் தெருவுக்காகப் போகிற நிலம் 345 சதுர அடி, 30 அடி என்றால் 450. வித்தியாசம் 105 சதுர அடி, உங்கள் விலைக்கு 94,500 ரூபாய். பத்துத் தெருவும் 350 அடி நீளம் என்றால் மொத்தம் 24,500 சதுர அடி, நம்ம ஊர்க் கணக்கில் ஒரு மா எழுபது குழி. அதுதான் அந்த இருபது மனை.

இப்போது இந்தப் பக்கம். 23 அடி என்பது வரைபடத்தில்தான். இரண்டு பக்கமும் ஒன்றரை அடி சாக்கடை வந்தால் 20. வீடு கட்டுகிறவர் எல்லாரும் மழைத் தண்ணீருக்குப் பயந்து தளத்தை மூன்று நாலு அடி தூக்கித்தான் கட்டுகிறார்கள், அதற்குப் படியும் வண்டி ஏற்றுகிற சரிவும் தெருவுக்குள் மூன்று அடி வந்துவிடும், இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. மிச்சம் 14. ஒரு கார் நின்றால் ஆறு அடி போய் 8. ஈபி கம்பத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதே கழித்தலை 30 அடியில் போட்டால் 15 நிற்கும். ஏழு அடி கூடுதலாகக் கொடுத்தால் வண்டி ஓடுகிற இடம் எட்டிலிருந்து பதினைந்தாகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக்கிரமிப்பை எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். குடியேறிய பிறகு படியை இடிக்கப் போன நகராட்சியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கூட்டத்தில் எல்லாரும் தெருவையும் தார் ரோட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். தெரு 30 அடி என்றால் 30க்கும் தார் போட வேண்டியதில்லை, நடுவில் 16 அடி போதும், மிச்சத்தை மண்ணாக விட்டால் புங்கன், வேம்பு வைக்கலாம். பூங்கா இடத்தையும் தெருவையும் நகராட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் புரமோட்டர் போய்விடுவார், அதற்கப்புறம் அம்பது வருடம் பராமரிப்பது நகராட்சிதான். அதனால் மன்றத்தில் கேட்பது அவர்கள் உரிமை, தயங்க வேண்டாம் என்று கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் பத்துத் தெருவும் எங்கே போய் முடிகிறது? உங்கள் பதிவில் அது இல்லை, எனக்கு அகலத்தை விட அதுதான் முக்கியம்.

ஓய்வுபெற்ற_ஓட்டுநர் பதில்:

தீயணைப்புத் துறையில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். நிலஅளவைக்காரர் சொன்ன 8 அடியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

சட்டப்படி ஒரு லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம், எட்டரை அடி. பக்கக் கண்ணாடி அதற்கு மேல். எங்கள் வண்டியும் ஏறத்தாழ அந்த அளவுதான். தெருவில் ஒரு கார் நின்றால் வண்டி முனையிலேயே நின்றுவிடும், நாங்கள் குழாயை ஒன்றோடொன்று மாட்டி இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். கூரை வீட்டுத் தீயில் அந்த ஐந்து நிமிடம் என்பது என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனது தெரு அகலத்தால் இல்லை, கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், எந்தத் தெருவைப் பார்த்தாலும் வழி இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும்.

தெருமுனையில் இருக்கிற மனைகளின் மூலையைச் சரிவாக வெட்டி விட்டிருக்கிறார்களா என்று வரைபடத்தில் பாருங்கள் அம்மா. 40 அடி ரோட்டிலிருந்து 23 அடித் தெருவுக்குள் பெரிய வண்டி திரும்புவது அந்த மூலையை வைத்துத்தான். மூலை வரை சுவர் எழுப்பிவிட்டால் தெரு எத்தனை அடி இருந்தும் பயனில்லை. கஜா புயலுக்கு அப்புறம் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போனோம், சாய்ந்த கம்பத்தையும் மரத்தையும் அறுத்து ஒதுக்குவதற்குக்கூட ஓரத்தில் இடம் இருக்கிற தெருக்கள்தான் சீக்கிரம் திறந்தன.

மதி_மன்னை பதில்:

நான் 23 அடித் தெருவில் வீடு கட்டி ஏழு வருடமாக இருக்கிறேன். அந்த விலைக்குத்தான் எங்களால் வாங்க முடிந்தது, 30 அடி ரோட்டு மனை என்றால் இன்றைக்கும் வாடகை வீடுதான். அதனால் 23 அடியே கூடாது என்று ஒரேயடியாகப் பேசாதீர்கள். எங்கள் தெருவில் பதினெட்டு வீடு, மூன்று கார், மற்றதெல்லாம் டூவீலர். பிள்ளைகள் தெருவிலேயே விளையாடுகிறார்கள், பக்கத்துத் தெருவில் அது முடியவில்லை, அது அகலம் என்பதால் மெயின் ரோட்டுக்குக் குறுக்குவழியாகப் பறக்கிறார்கள். தஞ்சாவூரில் நாலு ராஜ வீதிக்கும் உள்ளே எத்தனை சந்து இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழவில்லையா?

எங்களுக்கு உண்மையான கஷ்டம் ரோடு உயர்வதுதான். குடி வந்தபோது வாசலுக்கு ஒன்றரை அடி கீழே இருந்த ரோடு இப்போது வாசலோடு நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார், எங்கள் தெருவுக்கு வந்த காண்டிராக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ரோட்டு மட்டம் எவ்வளவு என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை பதில்:

எல்லாருக்கும் நன்றி. மதி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனதில் இருந்ததையே எழுதின மாதிரி இருந்தது. நேற்று வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். முனை மனைகளில் மூலை வெட்டியிருக்கிறது. மேற்கே போகும் ஐந்து தெருவும் பக்கத்து வயலில் முட்டி நிற்கிறது. கிழக்கே போகும் ஐந்தும் ஒரு வாய்க்கால் ஓரமாக முடிகிறது, அங்கே திரும்ப இடம் எதுவும் காட்டவில்லை.

தாளடி பதில்:

இவ்வளவு நேரம் வாய்க்கால் என்ற வார்த்தை வரவில்லையே என்று படித்துக்கொண்டே வந்தேன், கடைசியில் வந்துவிட்டது.

அந்த வாய்க்கால் பாசனமா வடிகாலா என்று முதலில் கேளுங்கள் தம்பி தங்கைகளே. நம் மண் களிமண், தண்ணீர் கீழே இறங்காது, நிலமும் பலகை மாதிரி, வாட்டம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் வருகிற தண்ணீர் வடிகால் வழியாகப் போனால்தான் உண்டு. பத்து ஏக்கரை கிராவல் அடித்து மூன்று அடி தூக்கினால் அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து சம்பாவில் ஏறும். 2008-இல் நிஷா புயல் மழையில் எங்கள் நடவு முழுவதும் நாள்கணக்கில் முழுகிக் கிடந்தது, மேலே இருந்த இரண்டு மனைப்பிரிவு நகர்களின் வாய்க்காலில் ஒரு அடிக் குழாயைப் போட்டு மூடியிருந்தார்கள், அதில் எவ்வளவு போகும்?

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அது ஹைட்ரோகார்பன், உருக்காலை மாதிரியானவற்றைத் தடுக்கிறது, மனைப்பிரிவைத் தடுக்கவில்லை. அதனால் மன்றக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலர் பேசினால்தான் உண்டு.

அப்புறம் வாய்க்கால் ஓரமாக வீட்டுக் கொல்லைகளை ஒட்டிவிட்டால் தூர்வாரப் பொக்லைன் எந்த வழியாக இறங்கும்? எங்கள் ஊரில் இன்றைக்கு ஒரு வடிகாலுக்குள் இயந்திரம் இறக்க வழியில்லாமல் ஆளை வைத்து வெட்டுகிறோம், பாதி தூரம்தான் முடிகிறது. மேட்டூர் திறப்பதற்குள், ஜூன் 12-க்குள் முடிய வேண்டிய வேலை அது. தெருவுக்கு ஏழு அடி கேட்பதில் தவறில்லை, வாய்க்கால் கரைக்கும் கேளுங்கள்.

நிலஅளவைக்காரர் பதில்:

தாளடி ஐயா சொன்னதும்தான் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. தங்கச்சி, இந்தக் கணக்கைக் கவுன்சிலரிடம் கொடுங்கள்.

மேற்கே வயலில் முட்டுகிற ஐந்து தெருவையும் 30 ஆக்கட்டும். அந்த வயல் என்றைக்காவது மனையாகும், அன்றைக்கு அந்த வண்டியெல்லாம் உங்கள் தெரு வழியாகத்தான் வரும். கிழக்கே உள்ள ஐந்தும் 23 ஆகவே இருக்கட்டும், அவை அதற்கு மேல் வளரப் போவதில்லை, மதி சொன்னது அந்தத் தெருக்களுக்குப் பொருந்தும். ஆனால் அவை முட்டி நிற்கக் கூடாது, வாய்க்கால் கரையோரமாக 23 அடியில் ஒரு தெரு போட்டு ஐந்தையும் இணைக்க வேண்டும். உள்ளே போன வண்டி பின்னால் வராமல் சுற்றி வெளியேறும், ஒரு தெருவில் பந்தல் போட்டாலும் அடுத்த தெரு வழியாக ஆட்டோ வரும், தூர்வாரும் இயந்திரமும் அங்கிருந்தே கரையில் நிற்கும்.

நிலம் எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து தெருவில் கூடுகிற ஏழு அடிக்கு 12,250 சதுர அடி. கரையோரத் தெரு 520 அடி நீளம் என்றால் 11,960. கூட்டினால் 24,210. பத்துத் தெருவையும் 30 ஆக்கினால் போகிற அதே இருபது மனைதான், புரமோட்டருக்குக் கூடுதலாக ஒன்றும் போகாது. வெறும் அகலமாகக் கேட்பதை விட இப்படிக் கேட்டால் மன்றத்திலும் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

அரசலாற்றங்கரை பதில்:

கூட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. உங்கள் கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதி, வரைபடத்தின் மேல் பென்சிலால் கரையோரத் தெருவையும் வரைந்து கவுன்சிலர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மன்றத்தில் அதை எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். வாய்க்கால் பக்கம் வயல் இருக்கிற இன்னொரு கவுன்சிலர், போன முறை 23 போதும் என்றவர், தூர்வாரும் விஷயம் வந்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். அது வடிகால் வாய்க்கால்தான் தாளடி ஐயா, கேட்டுவிட்டேன்.

கரையோரத் தெருவுக்கு ஒப்புதல் கிடைத்தது. மேற்கே ஐந்தில் மூன்று தெருவுக்குத்தான் 30 அடி, இரண்டுக்குப் புரமோட்டர் சம்மதிக்கவில்லை, மன்றமும் அதற்கு மேல் அழுத்தவில்லை. ரோட்டு மட்டம் பற்றித் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கிறோம் என்று சொன்னார்கள், எழுதினார்களா என்று நகல் வந்ததும்தான் தெரியும். திருத்திய வரைபடம் மறுபடி நகர் ஊரமைப்புத் துறைக்குப் போய் வர வேண்டும்.

விலை சதுர அடிக்கு 70 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள், எங்களுக்கு 84,000 கூடுதல். இரண்டு நாள் வீட்டில் பேசினோம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை, கிழக்கே இரண்டாவது தெருவில் கரையிலிருந்து மூன்றாவது மனைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறோம். திருத்திய வரைபடம் வந்ததும் இங்கே போடுகிறேன், நிலஅளவைக்காரர் அண்ணன் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.